கூப்பிடு தூரம்

‘கூப்பிடு தூரம்’ என்று ஓர் அளவு நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். “அவள் வீடா? இதோ, கூப்பிடு தூரம்தானே!” என்பார்கள். இங்கே இருந்து ஒரு குரல் கொடுத்தால் அங்கே காதில் விழ வேண்டும். விழுந்த மறுகணம் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பிரசவ வலி கண்டாலும் சரி, குழந்தை பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டாலும் சரி, கூப்பிடு தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

இன்று நாம் அந்தக் காலத்தைவிட நெருக்கமாகத்தான் குடியிருக்கிறோம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம். தலைக்கு மேலே ஒரு குடும்பம். காலுக்குக் கீழே ஒரு குடும்பம். ஆனால், கூப்பிட்டால் காதில் விழுமா? ஏ.சி.க்காக மூடிய ஜன்னல், கொசுவுக்காக ஒரு கதவு, திருடனுக்காக இன்னொரு கதவு, எல்லாவற்றுக்கும் மேலே டெலிவிஷனில் மாமியாரும் மருமகளும் போடுகிற சண்டை! பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு பத்து மைலுக்கு அப்பால் இருக்கிறோம்.

சிங்கப்பூரில் இந்தக் கூப்பிடு தூரத்தை அளந்தே வைத்துவிட்டார்கள். எவ்வளவு தெரியுமா? 400 மீட்டர். பழைய கணக்கில் ஏறக்குறைய இரண்டு ஃபர்லாங்.

அங்கே ஆம்புலன்ஸ் வேண்டுமானால் 995 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் இரண்டையும் சிவில் டிஃபென்ஸ் படையினர் கவனிக்கிறார்கள். 2015-ஆம் வருஷம் அவர்கள் ‘மை ரெஸ்பாண்டர்’ என்று ஒரு செல்போன் ஆப் கொண்டுவந்தார்கள். யாருக்கோ இதயம் நின்றுவிட்டது என்று 995-க்குத் தகவல் வந்தால், ஆம்புலன்ஸ் ஒரு பக்கம் கிளம்பும். இன்னொரு பக்கம், அந்த இடத்திலிருந்து 400 மீட்டருக்குள் இருக்கிற தொண்டர்களின் செல்போனிலும் செய்தி வரும். “உங்கள் பக்கத்தில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். போக முடியுமா?” முடியுமென்றால் போகலாம். முடியாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சரிப்படுத்துகிற ஏ.இ.டி. என்ற பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்பதையும் அந்த ஆப் காட்டிக் கொடுக்கும். அரசாங்க அடுக்குமாடிகளில் இரண்டு பிளாக்குக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள்.

இப்படி ஓடுகிறவர்கள் டாக்டர்களா, நர்ஸுகளா என்றால், எல்லோரும் அப்படி இல்லை. ஆபீஸ் குமாஸ்தா இருக்கலாம், கல்லூரி மாணவன் இருக்கலாம், தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்புகிற நம் தமிழ்ப் பெண்மணியும் இருக்கலாம். சம்பளம் கிடையாது, மாலை மரியாதை கிடையாது. கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் அவர்களுடைய தகுதி.

“ஆம்புலன்ஸ்தான் வருகிறதே, நடுவில் இவர்கள் எதற்கு?” என்று உங்களில் சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பதிலுக்கு நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம்.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. குழாயில் அடைப்பு வந்து மோட்டார் திணறுவது மாரடைப்பு. அந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்த்துக் கொட்டி, “என்னவோ பண்ணுகிறதே” என்று வாயால் சொல்லுவார். அவரை உட்கார வைத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மோட்டாரே தடக்கென்று நின்றுவிடுவது இரண்டாவது ரகம். பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விடுவார். கூப்பிட்டால் பதில் இராது. மூச்சும் ஒழுங்காக இராது. முதலாவது சில சமயம் இரண்டாவதில் போய் முடிவதும் உண்டு.

மோட்டார் நின்ற பிறகு மேலே தொட்டியில் எவ்வளவு நேரத்துக்குத் தண்ணீர் இருக்கும்? மூளைக்குச் சில நிமிஷங்கள்தான். ஒன்றும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவிகிதம் வரை குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து நிமிஷம் கழிந்தால் என்ன மிஞ்சும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பால் கணக்கு, பேப்பர் கணக்கு எல்லாம் பார்க்கிற உங்களுக்குக் கழித்தல் தெரியும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. காசு வாங்காமல் எத்தனையோ குடும்பங்களுக்குத் தாலி பாக்கியம் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த வண்டிக்குச் சிறகு கிடையாது. சிக்னலையும் மாட்டையும் மெட்ரோ பள்ளத்தையும் தாண்டித்தான் வர வேண்டும். அது வந்து சேரும் வரையில் உள்ள நிமிஷங்கள் எந்த டாக்டருக்கும் சொந்தமில்லை. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் சொந்தம்.

அந்தப் பக்கத்தில் இருப்பவர் யார்? இதயம் நின்றுபோவது பெரும்பாலும் நடுத்தெருவில் நடப்பதில்லை; வீட்டுக்குள்தான் நடக்கிறது. விழுகிறவர் முன்பின் தெரியாதவர் அல்ல. உங்கள் மாமனாராக இருக்கலாம், உங்கள் கணவராக இருக்கலாம், மேல் வீட்டு மாமியாக இருக்கலாம். பகல் பதினோரு மணிக்குக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஓய்வு பெற்ற பெரியவர்கள், காவல்காரர், பிறகு நீங்கள். ஊருக்கு உபகாரம் என்று கற்றுக்கொள்ளப் போகிற வித்தை முதலில் உங்கள் கூடத்திலேயே வேண்டியிருக்கும். அதனால்தான் இந்தத் தொண்டுக்கு ஸ்திரீகள் முன்னால் வர வேண்டும் என்கிறேன்.

சரி, மின்சாரம் போய் மோட்டார் நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்? தெருவில் கைப் பம்பு இருக்கிறதல்லவா, அதை அடித்துக் குடத்தை நிரப்புவோம். மார்பை அழுத்துகிற சிகிச்சையும் இதே கதைதான். சி.பி.ஆர். என்று டாக்டர்கள் சொல்லுவது இதைத்தான். 1960-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த மூன்று பேர் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள். கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், மூவரில் மூத்தவரான கௌவன்ஹோவன் டாக்டரே அல்ல, எலெக்ட்ரிகல் என்ஜினீயர்! அதுவரைக்கும் நின்ற இதயத்தைப் பிசைய வேண்டுமானால் மார்பைக் கத்தியால் திறக்க வேண்டும். இரண்டு கைகள் இருந்தால் போதும், எவரும் எங்கேயும் செய்யலாம் என்று இவர்கள் காட்டினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த வித்தை அன்றைக்குத்தான் வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். விழுந்தவரின் இரண்டு தோளையும் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்கு மேற்படாமல் பாருங்கள். இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. சில பேர் கரையில் போட்ட மீனைப் போல் இடைவிட்டு இடைவிட்டு வாயைத் திறந்து கேவுவார்கள். “மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, உயிர் இருக்கிறது” என்று வீட்டார் காத்துக்கொண்டிருப்பார்கள். அது மூச்சில் சேர்த்தியில்லை. உடனே 108-ஐக் கூப்பிட்டு, செல்போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிடுங்கள்.

ஆளைக் கட்டிலில் விடக் கூடாது. மெத்தை அமுங்குமே தவிர மார்பு அமுங்காது. கெட்டித் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பக்கத்தில் மண்டியிடுங்கள். மார்பின் நடுவே, எலும்பின் கீழ்ப் பாதியில், ஒரு கையின் மணிக்கட்டை ஒட்டிய மேட்டை வைத்து, அதன்மேல் மற்றொரு கையைக் கோத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குச் சப்பாத்தி மாவு பிசையும்போது கை வலிக்காமலிருக்க என்ன செய்கிறீர்கள்? முழங்கையை மடக்காமல், தோளிலிருந்து உடம்பின் பாரத்தை இறக்குகிறீர்கள் அல்லவா? அதே மாதிரி. இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மார்பு முழுக்க எழும்பிவர விட வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு. இரண்டு நிமிஷத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கும். அடுத்தவர் மாற்றிக்கொள்ள வேண்டும். ஏ.இ.டி. பெட்டி கிடைத்தால் திறந்தவுடன் அதுவே பேசும். அது சொல்லுகிறபடி செய்தால் போதும். அதிர்ச்சி தேவையில்லை என்றால் அந்தப் பெட்டி கொடுக்காது.

இதைப் படித்ததோடு “எனக்குத் தெரியும்” என்று இருந்துவிடாதீர்கள். நீச்சலைப் புஸ்தகத்தில் படித்துவிட்டு யாராவது கிணற்றில் குதிப்பார்களா? குழந்தைகளுக்கு முறை வேறு. தண்ணீரில் மூழ்கியவருக்கு மூச்சு ஊதுவதும் அவசியம். பயிற்சி கொடுக்கிறவர் பக்கத்தில் நின்று, “இன்னும் அழுத்துங்கள், இன்னும்!” என்று சொல்லிக் கை பழக வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், ரெட் கிராஸ் போன்ற சங்கங்கள் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. பல ஆஸ்பத்திரிகளும் சொல்லித் தருகின்றன. கையைப் பழக்கிக்கொள்ள ஒரு பிற்பகல் போதும்.

ஒரு நல்ல தொண்டருக்கு என்ன செய்வது என்பதைவிட, என்ன செய்யக் கூடாது என்பது முக்கியம். நம் ஊரில் ஒருவர் விழுந்தால் உடனே நாலு பேர் நாலு வைத்தியம் சொல்லுவார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். ஒருவர் வாயில் தண்ணீரை ஊற்றுவார். நினைவில்லாதவருக்கு ஊற்றுகிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாது, மூச்சுக் குழாய்க்குப் போகும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் தானே அடங்கும். சாவி தன் பெருமை என்று எண்ணிக்கொள்ளும்! மேஜை நாற்காலிகளைத் தள்ளி வைத்து, தலைக்கு மெத்தென்று ஏதாவது கொடுத்து, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான் உதவி. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108. எண்ணெய் கொட்டிக் கை வெந்தால் பற்பசையும் இங்க்கும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டினால், அதற்கு ஈடான களிம்பு கடையில் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பலர் எட்ட நின்று வேடிக்கை பார்க்கிறார்களே, அது ஏன்? கல் நெஞ்சு என்று நான் நினைக்கவில்லை. மூன்று தயக்கங்கள் இருக்கின்றன.

‘நான் அழுத்தி ஏதாவது ஆகிவிட்டால்?’ என்பது முதல் தயக்கம். விலா எலும்பு முறிவது உண்டுதான், மறைக்கவில்லை. ஆனால் முறிந்த எலும்பு கூடும். நின்றுவிட்ட இதயம் சும்மா விட்டால் கூடாது. அழுத்தாமல் இருப்பதைவிடப் பெரிய தீங்கை அழுத்தி ஒருவரும் செய்துவிட முடியாது.

‘போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமோ?’ என்பது இரண்டாவது. வீட்டில் ஒருவருக்கு இதயம் நின்றால் உதவி செய்தவரைப் போலீஸ் எதற்குத் தேடப்போகிறது? சாலை விபத்து விஷயத்தில்கூட, உதவி செய்கிறவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை 2016-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்று உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாதென்று எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது தயக்கத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் தனியாகப் பேச நினைத்தேன்.

சி.பி.ஆர். வகுப்புகளில் பழகுவதற்கு ஒரு பொம்மை வைத்திருப்பார்கள். 1960-ல் நார்வே தேசத்தில், லெர்டால் என்ற பொம்மைக் கம்பெனிக்காரர் முதலில் அதைச் செய்தார். அவர் அதற்குக் கொடுத்த முகம் ஓர் இளம் பெண்ணின் முகம். பாரிஸ் நகரத்தில் செய்ன் நதியில் மூழ்கி இறந்தவள் என்று அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கதை. ஊர் பேர் தெரியாது. யாரும் காப்பாற்ற வராத அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் உயிர் காக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் பாருங்கள், முகம் பெண்ணாக இருந்தும், உண்மையில் ஒரு பெண் விழுந்தால் கைகள் தயங்குகின்றன. அமெரிக்காவில் செய்து 2018-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், பொது இடங்களில் இதயம் நின்ற ஆண்களில் 45 சதவிகிதம் பேருக்குச் சுற்றியிருந்தவர்கள் மார்பை அழுத்தினார்களாம். பெண்களில் 39 சதவிகிதம் பேருக்குத்தான். கைகுலுக்குவதும் கட்டித் தழுவுவதும் சகஜமான தேசத்திலேயே இப்படி! நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் விழுந்தால், முன்பின் தெரியாத ஆண்பிள்ளை அவள் மார்பில் கை வைக்க எவ்வளவு கூசுவான்? சுற்றி நிற்கிறவர்கள் என்ன சொல்லுவார்களோ என்று எவ்வளவு பயப்படுவான்?

அவன் தயங்கக் கூடாதுதான். அவனிடம், “செய்யுங்கள் தம்பி, நாங்கள் இருக்கிறோம்” என்று பக்கத்தில் மண்டியிட்டு ஒரு பெண் சொல்லிவிட்டால் பாதிக் கூச்சம் பறந்துவிடும். அந்தப் பெண்ணே அழுத்தத் தெரிந்தவளாக இருந்தால் பேச்சே இல்லை. ரவிக்கையைத் தொட வேண்டியதில்லை. துணியின் மேலேயே அழுத்தலாம். தாலிக் கொடியையும் சங்கிலியையும் சற்று ஒதுக்கினால் போதும். ஏ.இ.டி. பெட்டியின் பட்டைகளை மட்டும் தோலில் ஒட்ட வேண்டும். அப்போது நாலு பெண்கள் ஒரு புடவையைப் பிடித்து மறைத்துக்கொண்டால் மானமும் தப்பும், உயிரும் தப்பும். பெண்ணின் உயிர் கூச்சத்தால் போகாமல் காக்க, பெண்கள் கற்றுக்கொண்டிருப்பதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் அந்த மனிதர் பிழைக்காமல் போகலாம். வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே, ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார். அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாமோ என்று மனசு அறுக்கும். ஆகையால் தனியாக இருக்காதீர்கள். கூட ஓடிவந்தவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று நிச்சயம். “பக்கத்திலே மனுஷர்கள் இருந்தும் யாரும் வரவில்லையே” என்ற ஆறாத குறை அந்த வீட்டாருக்கு இராது. சாவு வந்த வீட்டில் அந்தக் குறை எத்தனை வருஷம் பேசப்படும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

முடிவாக, காரியத்துக்கு வருவோம். உங்கள் கட்டடத்திலோ தெருவிலோ ஏழெட்டுப் பேர் சேருங்கள். பஜனைக்கும் கொலுவுக்கும் சீட்டுக்கும் சேருகிறவர்கள்தானே! ஒரு பிற்பகல் பயிற்சியாளரை வரவழைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு வேலையைப் பங்கு போடுங்கள். அழுத்துவதற்கு இரண்டு பேர். 108-இடம் பேச ஒருவர். அவருக்கு விலாசம் தலைகீழ்ப் பாடமாக இருக்க வேண்டும். பழைய நம்பர் எது, புது நம்பர் எது என்று அப்போது வாசலுக்குப் போய் எழுதி எடுத்துவரக் கூடாது. “பிள்ளையார் கோயில் பக்கம்” என்றும் சொல்லக் கூடாது; நம் ஊரில் பிள்ளையார் இல்லாத தெரு எது? லிஃப்டைப் பிடித்து நிறுத்த ஒருவர். மண்டியிட முடியாத முழங்கால் வலிப் பாட்டிக்கும் வேலை இருக்கிறது. அவர் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வண்டியைக் கண்டதும் கையை ஆட்டி, “இந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம்!” என்று வழி காட்டலாம். அந்த ஒரு காரியத்தால் மிச்சமாகிற நிமிஷத்துக்கு விலை உண்டா?

அந்த ஏழெட்டுப் பேரின் செல்போன் எண்களை ஒரு அட்டையில் எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். சங்கத்தில் பணம் சேர்ந்தால், அடுத்த தீபாவளிக்கு வாசலில் சீரியல் விளக்குப் போடுவதற்கு முன்னால் ஓர் ஏ.இ.டி. பெட்டியைப் பற்றி யோசியுங்கள்.

சிங்கப்பூரில் 400 மீட்டர். உங்கள் கட்டடத்தில் மூன்று மாடிதானே? கூப்பிடு தூரம்தான்.